நாம் எழுத வேண்டிய புத்தகம்

தியானப் பகுதி: 2 சாமுவேல் 21:1-14



மழை பெய்கிறதே என்று முறையிடும் வழக்கம் மதுரைக்காரர்களுக்கு இல்லை. மழை பெய்யவில்லையே என்றுதான் நாம் முறையிடுவோம். வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நம் சபையில் மழைக்காக ஜெபிக்காத ஞாயிற்றுக்கிழமைகள் மிகக் குறைவு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து புறப்பட்ட நாங்கள் 26 பேர், சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் தாய்லாந்து தேசத்திற்குச் சென்று, ஐந்து நாட்களும் மழையைக் குறை சொல்லிக்கொண்டே திரிந்தோம்.

மழைக்காலம் என்பதால் பயணக் கட்டணம் குறைவு. அதனால்தான் அந்த நாட்களைத் தெரிந்துகொண்டோம். ஆனால் பாங்காக் நகரில் இறங்கிய நேரம் முதல் அது மறந்துபோயிற்று. படகில் மிதக்கும் சந்தையைக் காணச் சென்றோம், குடைகளைத்தான் கண்டோம். அருவிக்குச் செல்லும் பாதை வெள்ளத்தால் மூடப்பட்டிருந்தது. "கொடுத்த பணத்துக்கு ஒன்றையும் பார்க்கவில்லையே" என்ற முணுமுணுப்பு பேருந்தில் எழுந்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்தவன் நான். அந்த முணுமுணுப்பில் என் குரலும் கலந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

எங்களில் ஒருவர் மட்டும் முணுமுணுக்கவில்லை. மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த தாயார் அவர், வயது 82. முழங்கால் வலியோடு இவ்வளவு தூரம் ஏன் வருகிறார் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். மகன் ஆசைப்பட்டு அனுப்பியிருப்பார் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் காலையில்தான் காரணம் தெரிந்தது.

அன்று நாங்கள் காஞ்சனபுரிக்குச் சென்றோம். பாங்காக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். குவாய் யாய், குவாய் நோய் என்னும் இரண்டு ஆறுகள் அங்கே கூடி மே குலோங் என்னும் ஆறாகின்றன. உலகம் முழுவதும் அறிந்த குவாய் ஆற்றுப் பாலம் அந்த ஊரில்தான் இருக்கிறது. 1957இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்று அந்தப் பாலத்தைப் புகழ்பெறச் செய்தது. அந்தப் படம் பிடிக்கப்பட்டதோ நமக்கு அருகிலுள்ள இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றங்கரையில்.

பாலத்தின்மேல் நடந்தோம். மழை சாய்வாக அடித்தது. ஆறு செம்மண் நிறத்தில் கரைதொட்டு ஓடிற்று. எல்லாரும் அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டு பேருந்துக்குத் திரும்பினார்கள். அந்தத் தாயார் மட்டும் தண்டவாளத்தின் நடுவே நின்று, குனிந்து, குறுக்குக் கட்டை ஒன்றை உள்ளங்கையால் தொட்டார். நான் குடையோடு அருகில் சென்றேன்.

"ஐயா, எங்க பெரியப்பா இங்கதான் செத்திருக்கணும்" என்றார்.

அவருடைய தந்தையின் அண்ணன் 1937இல் மலாயாவுக்குப் போனவர். பெரியாற்று நீர் 1895 முதல் வைகை வழியாக மேலூர்ப் பக்கத்துக்கு வரத் தொடங்கியிருந்தும், கால்வாய்க்கு எட்டாத மேட்டு நிலங்கள் வானத்தையே நம்பியிருந்தன. அவர்கள் நிலம் அப்படிப்பட்டது. அடுத்தடுத்து மழை தவறிய காலத்தில் கங்காணியின் சொல்லை நம்பி, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, 1938இல், அப்படித் தோட்டக் கூலிகளாகச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. ஊரில் அவருடைய இளம் மனைவி காத்திருந்தாள். 1941 வரையில் மணியார்டர் வந்தது. பிறகு யுத்தம். 1946இல் அதே தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் கடிதம் எழுதினார். சயாமில் ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர், திரும்பி வரவில்லை என்பதே செய்தி. இறந்தார் என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை.

"பெரியம்மா தாலியைக் கழட்டவும் இல்ல, புருஷனோட வாழவும் இல்ல. அப்ப இருந்த ஐயருகிட்ட போயி, நான் அறுத்தவளா, கட்டுனவளான்னு கேட்டாங்களாம். அவருக்குப் பதில் சொல்லத் தெரியல. 44 வருஷம் அப்படியே இருந்து செத்துப்போனாங்க. அந்த ரயிலு போட்ட வருஷத்துலதான் நான் பொறந்தேன்."

அந்த ரயில் பாதையைக் குறித்துச் சிறிது சொல்ல வேண்டும். தாய்லாந்தின் பான்போங் முதல் பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். பர்மாவிலிருந்த தன் சேனைக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தானபடியால், ஜப்பான் காட்டையும் மலையையும் பிளந்து இப்பாதையை அமைத்தது. 1942இன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. ஏறத்தாழ 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் இதில் வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இவ்வளவும் பலர் அறிந்தது. இவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாய், தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் என ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் சென்றார்கள்; அவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத்துத் தமிழர். யுத்தத்தால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் பட்டினி சூழ்ந்திருந்த காலம் அது. நல்ல கூலி, சில மாத வேலை என்று சொல்லிச் சிலரை அழைத்தார்கள்; மற்றவர்களைப் பிடித்துச் சென்றார்கள். மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது மதிப்பீடு. எண்ணியவர் ஒருவரும் இல்லாதபடியால் மதிப்பீடுதான் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

அவர்களில் பெருந்தொகையினரைக் கொன்றது 1943இன் மழைக்காலம். மே மாதத்தில் மழை பிடித்தது. வேலையை விரைவில் முடிக்கவேண்டும் என்ற கட்டளையும் அப்போது கடுமையாயிற்று. ஆறு பெருகிற்று. முகாம்களின் கழிவு குடிநீரில் கலந்தது. வாந்திபேதி முகாம் முகாமாகப் பரவிற்று. போர்க்கைதிகளோடு அவர்களுடைய மருத்துவர்களும் சிறைப்பட்டிருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி ஒழுங்குசெய்யும் அதிகாரிகளும் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த ஏழைத் தமிழனுக்கு ஒருவரும் இல்லை.

இதைக் கேட்டபோது என் மனதில் தைத்தது ஒன்று. மழை இல்லை என்று ஊரைவிட்டுப் போனவர்கள் மழையிலே மடிந்தார்கள். அதே மழையில் நின்றுகொண்டு, பார்க்கவேண்டியதைப் பார்க்க முடியவில்லையே என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"கல்லறைத் தோட்டம் ஒண்ணு இருக்குதாமே, அங்க போகலாமா ஐயா?" என்று கேட்டார் அந்தத் தாயார். நேரம் தவறுகிறது, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று நான் தயங்கினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் பேருந்தில் ஏறிக் கண்களை மூடிக்கொண்டார். அந்த மௌனத்துக்குப் பயந்துதான் வழிகாட்டியிடம் சொல்லிப் பேருந்தை நிறுத்தினேன்.

காஞ்சனபுரி யுத்தக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மழையில் புல்தரை மினுங்கிற்று. ஒவ்வொரு கல்லிலும் வெண்கலத் தகடு. அதில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. 22, 24, 25 என்று வயதுகள். பெயர் தெரியாத வீரனுக்கும், தேவன் இவனை அறிவார் என்ற பொருள்படும் சொற்களோடு ஒரு கல் உண்டு. தாயாருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு பெயராக என்னை வாசிக்கச் சொன்னார். ஒரு வரிசை வாசித்தேன். இரண்டாம் வரிசையும் வாசித்தேன். மூன்றாம் வரிசையின் நடுவில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நம்ம ஆளுக எங்க ஐயா?"

இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பது ஆண்டுகளாகத் துக்க வீடுகளில் பேசிப் பழகிய நாவு தானாகவே ஓர் ஆறுதலைச் சொல்லிற்று. "அம்மா, கவலைப்படாதீர்கள். அவர் பெயர் கர்த்தருடைய ஜீவபுஸ்தகத்தில் எழுதப்பட்டிருக்கும்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அது கர்த்தர் எழுதுற புஸ்தகம், ஐயா. நாம எழுத வேண்டியதையும் அவரு தலையில போட்டுட்டா எப்படி?"

நான் பதில் பேசவில்லை. இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இந்த வீரர்களின் பெயர்கள் மட்டும் எப்படித் தப்பின என்று பின்னர் வழிகாட்டி விளக்கினாள். கைதிகளில் சிலர் யாருக்கும் தெரியாமல், யார் எப்போது இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று எழுதி ஒளித்துவைத்தார்கள். யுத்தம் முடிந்த 1945இல், அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு ஒரு குழு ரயில் பாதை நெடுகச் சென்று கல்லறைகளைத் தேடிற்று. சிதறிக்கிடந்த உடல்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டன. எழுதுகிறவன் ஒருவன் இருந்தபடியால் அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படி எழுதியவர் இல்லை. பலருக்கு எழுதவே தெரியாது.

கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலேயே வியட்நாமிய மரபைச் சார்ந்த பௌத்த ஆலயம் ஒன்று இருக்கிறது. வாட் தாவோன் வராராம் என்பது அதன் பெயர். பெயரற்ற ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் அங்கேதான் சேர்த்துவைக்கப்பட்டிருக்கின்றன என்று வழிகாட்டி சொன்னாள். அங்கே செல்வதா என்ற கேள்வி எழுந்தது. எங்களில் சிலருக்கு மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. அவர்கள் பேருந்தில் இருந்துகொண்டார்கள். அவர்களை நான் குறைசொல்லவில்லை. நான் தாயாரோடு இறங்கினேன். பதின்மூன்று பேர் கூட வந்தார்கள்.

அங்கே 2024இல் தமிழர்கள் கூடி, இந்த ரயில் பாதையில் மாண்ட தம் மக்களுக்காக ஒரு நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். அதைக் கண்டபோது எனக்கு வைகை நினைவுக்கு வந்தது. தேனி மாவட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், 2006இல், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை அவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனுடையது. தீயன் அந்தவன் என்று அவன் பெயரை அறிஞர்கள் வாசிக்கிறார்கள். மாடுபிடிச் சண்டையில் மாண்ட ஒருவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டு நிலைத்திருக்கிறது. நம் தாத்தா காலத்தில் மாண்டவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியவில்லை.

தாயார் குடையை மடக்கினார். நனையாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர் அழவில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லுகிறவரைப்போல நிமிர்ந்து நின்று, பெரியப்பாவின் பெயர், அவருடைய தகப்பன் பெயர், ஊர்ப் பெயர், புறப்பட்ட ஆண்டு, மரித்த ஆண்டு என்று வரிசையாக உரக்கச் சொன்னார். அடக்கப் பதிவேட்டில் நான் எழுதும் அதே வரிசை! பிறகு என் பக்கம் திரும்பி, "ஊருக்குப் போனதும் நம்ம கோயில் புஸ்தகத்துல எழுதுவீங்களா ஐயா?" என்று கேட்டார். எழுதுகிறேன் என்று வாக்குக்கொடுத்தேன்.

பிற்பகலில் ரயில் ஏறினோம். மலைப்பாறையை ஒட்டி, குவாய் நோய் ஆற்றின்மேல் தொங்குவதுபோல மரத்தூண்களில் நிற்கிற அந்தப் பாதையில் ரயில் மெதுவாக ஊர்ந்தது. சன்னல் வழியே சாரல் அடித்தது. பேருந்தில் இருந்துகொண்டவர்களுக்கும் அதற்குள் செய்தி தெரிந்திருந்தது. ஒருவரும் சன்னலை மூடவில்லை. ஒருவரும் மழையைப் பற்றிப் பேசவில்லை.

அன்றிரவு விடுதியில் ஜெபத்திற்குக் கூடினோம். சிருஷ்டிப்பின் மகிமையைக் குறித்துப் பேசுவதற்கு ஆயத்தம்பண்ணியிருந்தேன். அதை ஒதுக்கிவைத்துவிட்டு, 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தைத் திறந்தேன்.

கடினமான பகுதி அது. தாவீதின் நாட்களில் மூன்று ஆண்டு பஞ்சம். சவுல் கிபியோனியருக்குச் செய்த கொலைபாதகத்துக்குப் பரிகாரமாகச் சவுலின் வம்சத்தார் ஏழுபேர் தூக்கிலிடப்படுகிறார்கள். அவர்களில் இருவர் ரிஸ்பாளின் பிள்ளைகள். உடல்கள் மலையின்மேல் கிடக்கின்றன. அந்தத் தாய் கன்மலையின்மேல் இரட்டை விரித்துக்கொண்டு, பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அவற்றின் அருகே வரவிடாமல் காவலிருக்கிறாள். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கம் முதல் வானத்திலிருந்து மழை பொழியும் வரைக்கும் காத்திருந்தாள் என்று வேதம் கூறுகிறது. அந்தத் தேசத்தில் வாற்கோதுமை அறுப்பு ஏப்ரல் அளவில் வரும். முன்மாரி அக்டோபர் அளவில் வரும். அந்த மழை பருவத்து மழையாயிருந்தால், ஏறத்தாழ ஆறு மாதம் அவள் அங்கே இருந்திருக்கிறாள்.

நான் இந்தப் பகுதியைப் பலமுறை வாசித்திருக்கிறேன். ஒன்றைக் கவனித்ததில்லை. தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைத் தேவன் எப்போது கேட்டருளினார்? ஏழுபேரைத் தூக்கிலிட்டவுடனே என்று வேதம் சொல்லவில்லை. ரிஸ்பாள் செய்ததைத் தாவீது கேள்விப்படுகிறான். அவன் எழுந்துபோய், யாபேஸிலிருந்த சவுல், யோனத்தான் என்பவர்களின் எலும்புகளை எடுத்து, தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து, கீசின் கல்லறையில் அடக்கம்பண்ணுவிக்கிறான். அதற்குப் பின்புதான், பதினான்காம் வசனத்தின் முடிவில்தான், தேவன் தேசத்துக்காகச் செய்த விண்ணப்பத்தைக் கேட்டார் என்று எழுதியிருக்கிறது. ராஜாவுக்கு அவன் கடமையை நினைப்பூட்டினவள், பேசிய ஒரு வார்த்தைகூட வேதத்தில் பதிவாகாத ஓர் ஏழை விதவை.

தாயாரின் பெரியம்மாவும் அப்படித்தான் காத்திருந்தாள், 44 ஆண்டுகள். அவளுக்காக எழுந்துபோன தாவீது ஒருவனும் இல்லை. சபையும் எழுந்துபோகவில்லை. சவுலின் எலும்புகளை முதலில் காத்தவர்கள் யாபேஸின் மனிதர்கள். நம்மவர்களின் எலும்புகளைக் காத்தவர்கள் வேற்று மார்க்கத்தார். நல்ல சமாரியனின் உவமையைப் பிரசங்கிக்கும்போது நாம் எப்போதும் நம்மைச் சமாரியனின் இடத்தில் வைத்துக்கொள்கிறோம். அன்று நான் விலகிப்போன ஆசாரியனின் இடத்தில் இருப்பதைக் கண்டேன்.

பிரியமானவர்களே, நான் அறிக்கையிட வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. மதுரை திரும்பியபின், கொடுத்த வாக்கின்படி எழுதுவதற்காகப் பதிவேடுகளை எடுத்தேன். அவற்றோடு, சேகரத் தேர்தலுக்காக முந்தின ஆண்டு நான் திருத்திய சபைப் பட்டியலும் இருந்தது. அதில் 14 பெயர்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு எதிரே, "சந்தா நிலுவை, இருப்பிடம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துத்தான்.

பட்டியலைத் திருத்துவது தவறல்ல. ஆனால் அந்தப் பதினான்கு பேரில் ஒருவரையும் நான் தேடிப்போகவில்லை. இப்போது தேடினேன். நான்கு பேர் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் இருந்தார்கள். இருவர் குவைத்தில். மூவர் சென்னையில் கட்டட வேலையில். அவர்களுடைய தொலைபேசி எண்களைப் பெற எனக்கு இரண்டே நாட்கள் ஆயின. பத்தாவது பெயருக்குரிய வாலிபன் கேரளத்தில் வேலைக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்து, அங்கேயே அடக்கம்பண்ணப்பட்டு, ஓர் ஆண்டுக்கு மேலாகியிருந்தது. அவனுடைய தாய் நம் ஆலயத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறாள். அவள் ஆராதனைக்கு வருவதை நிறுத்தியதை நான் கவனித்திருந்தேன், விசாரிக்கவில்லை. வாசலில் என்னைக் கண்டதும் அவள் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க தேடி வருவீங்கன்னு நெனச்சேன் ஐயா."

1943இல் காட்டுக்குள் மாண்டவர்களுக்கு எழுதுகிறவன் இல்லாமற்போனான் என்று பெருமூச்சு விட்டவன் நான். எழுதும்படி நியமிக்கப்பட்ட என் கையோ உயிரோடிருந்தவர்களின் பெயரையே அடித்துக்கொண்டிருந்தது. மீதமுள்ள நால்வரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தாயாரின் பெரியப்பாவை அடக்கப் பதிவேட்டில் எழுத ஒழுங்கு இடந்தரவில்லை. நாம் அடக்கம்பண்ணாதவரை அதில் எழுதலாகாது. ஆகவே புதிதாக ஒரு கனத்த நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் முதல் வரியாக அவரை எழுதினேன். அதற்கடுத்த வரியில் அவருக்காகக் காத்திருந்த மனைவியை எழுதினேன். அந்தப் பெயர்களை இங்கே அச்சிடவில்லை. அவை அந்தக் குடும்பத்தாருக்குரியவை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் தோட்டத்தில் நடந்த ஆராதனையில் அந்த நோட்டை வைத்தோம். மலாயாவுக்கு, பர்மாவுக்கு, இலங்கைத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பாதவர்கள் உங்கள் குடும்பத்தில் உண்டானால் எழுதுங்கள் என்றேன். நான்கைந்து பேர் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அன்று மாலைக்குள் 31 பெயர்கள் சேர்ந்தன. சிலருக்கு முழுப்பெயர் நினைவில்லை. "பாட்டியின் தம்பி, ரங்கூன், நடந்து வந்த வழியில்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுதத் தெரியாத மூதாட்டி ஒருவர் சொல்லச் சொல்ல, பன்னிரண்டு வயதுப் பேத்தி எழுதினாள்.

தொகைகொண்ட ஆயிரங்களைக் குறித்து நாம் எளிதாகப் பேசிவிடுகிறோம். 90,000 என்ற எண் ஒருவரையும் அழவைப்பதில்லை. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனுக்குத்தான் நாம் ஊழியம் செய்கிறோம். அவர் தம்முடைய ஆடுகளைப் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறவர். பரலோகத்தில் எழுதப்பட வேண்டியதை அவர் எழுதுவார். அதில் பிழை நேராது. பூமியில் எழுதப்பட வேண்டியதை நம் கையில் கொடுத்திருக்கிறார்.

இந்த வாரம் உங்களிடம் ஒரு சிறு காரியத்தைக் கேட்கிறேன். வீட்டிலுள்ள மூத்தவரிடம் அமர்ந்து, நம் குடும்பத்திலிருந்து புறப்பட்டுப்போய்த் திரும்பாதவர் யார் என்று கேளுங்கள். பெயரைக் கேட்டு எழுதிவையுங்கள். பிறகு, இன்று உயிரோடிருந்து, யாரும் தேடாமல் இருக்கிற ஒருவரை நினைத்து, அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். முந்தினது எளிது. பிந்தினதைச் செய்யத் தயங்குவோம். அதையே முதலில் செய்யுங்கள்.

ஜெபம்: எங்களைப் பெயர்சொல்லி அழைத்த பிதாவே, நாங்கள் மறந்தவர்களை நீர் மறக்கவில்லை என்பதற்காக நன்றி செலுத்துகிறோம். நீர் மறவாதிருப்பதையே எங்கள் மறதிக்குச் சாக்காக்கிக்கொண்டோம், மன்னியும். தூரதேசத்து மழையில் மாண்ட எங்கள் மக்களையும், அவர்களுக்காகக் காத்திருந்தே மரித்த பெண்களையும் உமது சமுகத்தில் நினைவுகூருகிறோம். இன்று பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போயிருக்கிற எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். அவர்களைத் தேடிப்போகும் கால்களையும், அவர்கள் பெயரை அழிக்காமல் எழுதும் கைகளையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.